கல்லூரியில் பொதுநலத் தொடர்பியல் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் பாடம் நடத்துகிறவன் நான். எங்கள் கல்லூரியில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பொதுநலத் தொடர்பியல் குழு நடத்திவருகிறோம். இதே யோசனையில் இருக்கும் வேறு கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பொதுநலத் தொடர்பியல் என்றால் என்ன? விளம்பரம், பி.ஆர். மாதிரிதானா?

கருவிகள் எல்லாம் அதேதான்: மைக், கேமரா, போஸ்டர், வாட்ஸ்அப். பலன் யாருக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு. சோப்புக்கு விளம்பரம் எடுப்பவருக்குச் சோப்பு விற்க வேண்டும். பி.ஆர். வேலை பார்ப்பவருக்குத் தன் நிறுவனத்தின் பெயர் கெடாமல் இருக்க வேண்டும். நமக்கோ தெருவில் கொசு குறைய வேண்டும், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண் மறுபடி போக வேண்டும், முதியோர் உதவித்தொகைக்கு எங்கே மனு கொடுப்பது என்று ஒரு பாட்டிக்குத் தெரிய வேண்டும்.

பத்திரிகை வேலையோடும் ஒரு வித்தியாசம் உண்டு. நிருபர் நடந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். அது அவர் வேலை. நாம் அப்படிக் கிளம்ப முடியாது. சொன்ன பிறகு அங்கே என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க வேண்டும். பல குழுக்கள் இந்த இடத்தில்தான் காணாமல் போகின்றன.

இது எங்கே தொடங்கியது? நமக்குப் புதிதா?

பெயர் வைத்து, பாடமாக்கி, அதற்கென்று ஒரு பேராசிரியர் இருக்கையும் ஏற்படுத்தியது அமெரிக்காவில் கெயின்ஸ்வில் ஊரில் இருக்கும் ஃபுளோரிடா பல்கலைக்கழகம். அங்கே படித்த ஃபிராங்க் கேரல், பின்னாளில் உடல்நலத் துறையில் இயங்கும் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் தொடர்பியல் பிரிவுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர். அவர் பெயரில் அமைந்த இருக்கைக்கு 2010-இல் ஆன் கிறிஸ்டியானோ வந்தார். 2014-இல் ‘ஃபிராங்க்’ என்ற பெயரிலேயே ஆண்டுக் கூடுகை தொடங்கியது. அறிவியலாளர்கள், களப்பணியாளர்கள், விளம்பரக்காரர்கள், மாணவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். 2017-இல் தனி ஆய்விதழ் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆள், பிறகு வகுப்பு, நாலு வருஷம் கழித்துத்தான் விழா. நாம் பெரும்பாலும் குத்துவிளக்கில் ஆரம்பிக்கிறோம்.

ஆனால் பெயர்தான் அங்கிருந்து வந்தது, வேலை நமக்குப் பழையது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பாட்டு, வீதி நாடகம், மாலை நேர வகுப்பு, ஆயிரக்கணக்கான தொண்டர்கள். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கப் பெண்களுக்கு வண்டி வேண்டியிருந்தது. சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், கடனுக்கு வாங்கினார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. இதற்கு யாரும் ‘தொடர்பியல்’ என்று பெயர் வைக்கவில்லை. அப்படியொரு பாடம் நம் சிலபஸில் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நாங்கள் வருஷா வருஷம் விழிப்புணர்வுப் பேரணி நடத்துகிறோமே, அது போதாதா?

நாங்களும் நடத்தினோம். டெங்குப் பேரணி. வெள்ளை டீ-ஷர்ட், தொப்பி, கையில் அட்டை, முன்னால் பத்தடி ஃப்ளெக்ஸ். அதில் ‘விழிப்புனர்வு’ என்று இரண்டு சுழி ‘ன’ போட்டு அடித்துக் கொடுத்திருந்தார்கள். போட்டோ எடுத்த பிறகுதான் கவனித்தோம். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் வாரியக் குடியிருப்பை ஒரு சுற்றுச் சுற்றி, ‘நல்ல தண்ணீரைத் தேங்க விடாதீர்’ என்று கோஷம் போட்டுவிட்டு, மோர் குடித்துக் கலைந்தோம்.

மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். எங்கள் ஃப்ளெக்ஸைத் துண்டு துண்டாக வெட்டி, தண்ணீர் ட்ரம்களின் மேல் மூடி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு ட்ரம்மின் மேல் பிரின்சிபாலின் பாதி முகம். எங்கள் பேரணியில் நிஜமாகவே பயன்பட்ட ஒரே பொருள் அந்த ஃப்ளெக்ஸ்தான். கொசு உள்ளே போக வழியில்லை.

அங்கே நின்று பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. ‘தேங்க விடாதீர்’ என்றால் என்ன அர்த்தம்? லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் தேக்கி வைக்காமல் எப்படிக் குடித்தனம் நடக்கும்? டெங்கு கொசுவால் வரும், அது நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களைவிட நன்றாகவே தெரிந்திருந்தது, அந்த வீட்டு வரிசையில் போன மழைக்கு இரண்டு பிள்ளைகளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தெரியாமல் இருந்தது வேறு ஒன்று. ஏடிஸ் கொசு தண்ணீரில் நடுவே முட்டை போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ட்ரம்மின் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய எட்டு பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் பலன்.

சரி, ‘வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்’ என்று நோட்டீஸ் அடித்துவிடலாமா? அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. ட்ரம் காலியாவதே இல்லை. அடியில் எப்போதும் இரண்டு குடம் கிடக்கும், அது அவசரத்துக்கு. அதைக் கொட்டச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஓர் அம்மா வழி சொன்னார்: “லாரி வர்றதுக்கு மொத நாள் சாயங்காலம் மிச்சத்தைக் குடத்துல மொண்டு வச்சிட்டு, தேங்கா நாரால ஒரு தேய் தேய்ச்சா ஆச்சு. கழுவுன தண்ணியில துணி நனைச்சுக்கலாம்.” அதுதான் செய்தி. ‘லாரிக்கு முந்தின சாயங்காலம், தேங்காய் நார்.’ அதை அவர் குரலிலேயே பதிவு செய்தோம். எங்கள் கோஷத்தைத் தூக்கிப் போட்டோம்.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியானோவும் ஆனி நைமண்டும் 2017-இல் ஒரு கட்டுரையில், விழிப்புணர்வை மட்டும் இலக்காக வைப்பது வீண், சில நேரம் எதிர்விளைவுகூட வரும் என்று எழுதினார்கள். தகவல் இல்லாததால்தான் மக்கள் செய்வதில்லை என்று நினைத்துக்கொள்வதுதான் மூலத் தவறு. நான் அதைப் படித்தது ஃப்ளெக்ஸ் சம்பவத்துக்குப் பிறகு. முன்னாலேயே படித்திருந்தால் ஒரு மோர்ச் செலவு மிச்சமாகியிருக்கும்.

பெரிய அளவில் பலன் கொடுத்த உதாரணம் ஏதாவது உண்டா?

வகுப்பில் நான் எப்போதும் சொல்வது, இளைஞர்களின் புகைப்பழக்கத்துக்கு எதிராக ஃபுளோரிடா மாநிலம் நடத்திய ‘ட்ரூத்’ பிரசாரம். 1997-இல் புகையிலை நிறுவனங்களோடு அந்த மாநிலம் செய்துகொண்ட வழக்குச் சமரசத்தில் கிடைத்த பணத்தில், 1998-இல் தொடங்கியது. சிகரெட் கேன்சர் கொண்டுவரும் என்பது அங்கே எந்தப் பையனுக்கும் தெரியும். தெரிந்தேதான் பிடித்தார்கள். அந்த வயதில் பெரியவர்கள் ‘செய்யாதே’ என்பதைச் செய்து பார்ப்பதில்தான் ருசி. அதனால் பிரசாரம் நுரையீரலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. ‘உன்னை ஏமாற்றிப் பணம் பார்ப்பது யார் தெரியுமா?’ என்று கம்பெனிகளின் பக்கம் கோபத்தைத் திருப்பியது. பையன்களையும் பெண்களையும் கூப்பிட்டுக் கேட்டு, அவர்களையே முன்னால் நிறுத்தியது.

இரண்டு ஆண்டில், சிகரெட் பிடிக்கும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 18.5 சதவீதத்திலிருந்து 11.1 ஆகவும், உயர்நிலைப் பள்ளியில் 27.4 சதவீதத்திலிருந்து 22.6 ஆகவும் இறங்கினார்கள். விளம்பரத்துக்கே மொத்தப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது. பள்ளிகளிலும் சமூகத்திலும் வேறு வேலைகளும் கூடவே நடந்தன. ஆனால் மாணவர்களிடம் முதலில் கேட்டார்கள் பாருங்கள், அதுதான் நான் எடுத்துக்கொள்வது.

குழுவில் யாரைச் சேர்ப்பது? விஸ்காம் மாணவர்கள் போதாதா?

போதாது. அவர்கள் மட்டும் இருந்தால் குறும்படம் வரும், விருதும் வரும். தெருவில் ஒன்றும் நடக்காது. (என் துறையைச் சேர்ந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எங்கள் குழு உருப்பட்டதற்குக் காரணம் ஒரு பி.காம். மாணவி. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) வழியாக வந்தாள். கூட்டங்களில் கடைசி பெஞ்சில் உட்காருவாள், வாயே திறக்க மாட்டாள். ஒருநாள் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று பேச்சு வந்தது. ஆளுக்கொரு மணி சொன்னார்கள். அவள் மெதுவாக, “செவ்வாய், வெள்ளி சார். ட்ரைவர் அண்ணன் டீ குடிக்கிறதைப் பொறுத்து நாலரை, அஞ்சு” என்றாள். அவள் வீடு அந்தக் குடியிருப்பில்தான். அதுவரை யாராவது எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் பஸ் ஸ்டாப் பெயரை மட்டும் சொல்லிவந்திருக்கிறாள். அவள் வாயைத் திறந்த பிறகுதான் எங்களுக்குக் கதவுகள் திறந்தன. நாங்கள் ‘பயனாளி’ என்று எழுதிவைத்திருந்தவர்கள் அவளுக்குப் பெரியம்மாவும் அத்தையும். அடுத்த வாரமே அந்தச் சொல்லை எங்கள் நோட்டிலிருந்து அடித்தோம்.

ஆகவே முதல் கூட்டத்தில் துறையைக் கேட்காதீர்கள். எந்தத் தெரு, எந்த ஊர், அங்கே யார் யாரைத் தெரியும் என்று கேளுங்கள். அதையும் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். சிலருக்கு அது சொல்லத் தயங்கும் விஷயம்.

இது போக விலங்கியலோ நுண்ணுயிரியலோ தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். முட்டை சுவரில் ஒட்டும் என்பதை எங்களுக்குச் சொன்னது விலங்கியல் துறை. கணக்குப் போடப் புள்ளியியல் பையன் ஒருவன். தமிழ்த் துறையிலிருந்து ஓர் ஆள், சுழி பார்க்க.

வளாக வானொலி நடத்த என்ன வேண்டும்?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. அதிலிருந்துதான் எல்லாமே. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சிறு வானொலி, நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. பல்கலைக்கழகத்தின் ஒலி-ஒளி ஆய்வு மையத்துக்குத் தலைவராக இருந்த ஆர்.ஸ்ரீதர்தான் இதற்குப் பின்னால் நின்றவர். பெண்களின் உடல்நலம், ஊட்டச்சத்து பற்றிய தொடர்களைச் சுற்றுப்பகுதிப் பெண்களோடு சேர்ந்தே தயாரித்தார்கள். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் அனுமதி விரிந்தது. தெலங்கானாவில் மச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008 அக்டோபர் 15 அன்று வந்தது. நம் பக்கம் பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை இருக்கிறது. 2024 பிப்ரவரியில், இருபது ஆண்டு நிறைவை ஒட்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த தென்மண்டலக் கூட்டத்தில்தான் புதிய விதிகளை வெளியிட்டார்கள். அப்போது நாடு முழுக்க ஏறத்தாழ 480 நிலையங்கள் இருந்தன.

விதிகளில் முக்கியமானவை: பொதுவாக 100 வாட் சக்திதான், ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள். இடத்தைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது வரம். பத்து கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்று நடந்தே பார்த்துவிடலாம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில், உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து தயாரித்ததாக இருக்க வேண்டும். சொந்தச் செய்தி அறிக்கை கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். கட்சி அரசியல் கூடாது. விளம்பரம் இப்போது மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம். விண்ணப்பம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு. அலைவரிசை ஒதுக்கீடு உட்படப் பல மேசைகளைத் தாண்டி வர வேண்டும், பொறுமை வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சில கல்லூரிகளில் வளாக வானொலி என்பது காலையில் பிரின்சிபால் உரை, மதியம் சினிமாப் பாட்டு, மாலையில் ஆண்டு விழாப் பதிவின் மறு ஒலிபரப்பு. ஸ்டூடியோவில் ஏ.சி. ஓடும். வாசலில் செக்யூரிட்டி, கையெழுத்துப் போட ரிஜிஸ்தர். பக்கத்துத் தெரு அம்மா அந்த ரிஜிஸ்தரைப் பார்த்தே திரும்பிப் போய்விடுவார். எங்கள் ட்ரம் நிகழ்ச்சியைப் பதிவு செய்தது ஸ்டூடியோவில் இல்லை, லாரிக்காகக் காத்திருந்த வரிசையில். குடம் இடிக்கும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம் எல்லாம் விழுந்தது. எடிட்டிங்கில் எடுத்துவிடலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒலிபரப்பானபோது அந்தத் தெருவில் எல்லோரும் நிகழ்ச்சியை விட்டுவிட்டு, திட்டியது யார் என்று கண்டுபிடிப்பதில் இறங்கிவிட்டார்கள். அதனாலேயே இரண்டாம் முறையும் கேட்டார்கள்.

எங்கள் கல்லூரியில் வானொலி கிடையாது. அப்புறம் எப்படி?

உரிமம் வரும் வரை யாரும் காத்திருக்கவில்லை. கர்நாடகத்தில் பூதிக்கோட்டை என்ற ஊரில் ‘நம்ம த்வனி’ குழு, தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி வருவதற்கு முன்பே கேபிள் வயர் வழியாக வீடுகளுக்கு நிகழ்ச்சி அனுப்பிக்கொண்டிருந்தது. உங்களுக்கு வயர்கூட வேண்டாம். மூன்று நிமிட வாய்ஸ் நோட் ஒன்றைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட யாராவது ஒருவர் ஒத்துக்கொண்டால் போதும். பக்கத்தில் சமுதாய வானொலி இருந்தால் நிகழ்ச்சி செய்து தருகிறோம் என்று போய்க் கேளுங்கள். அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு.

கிராமப்புறக் கல்லூரி என்றால் கிராம சபை நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரே கூடும் இடம். அதற்கு முந்தின வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்று பேசினால், சபையில் என்ன கேட்கலாம் என்பது தானாகவே உருவாகிவிடும்.

ரீல்ஸ் போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள். துபாயில் இருக்கும் உங்கள் சித்தப்பா பையனும் பார்ப்பான். ட்ரம் இருப்பது இங்கே.

நிர்வாகத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பணம்?

புது அமைப்பு என்று சொன்னால் ஃபைல் நகராது. ஏற்கெனவே இருப்பதில் ஒட்டிக்கொள்ளுங்கள். என்.எஸ்.எஸ். 1969-லிருந்து இருக்கிறது. ஒரு மாணவருக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று கணக்கு உண்டு. அந்த மணி நேரங்களைப் புல் பிடுங்குவதில் கழிக்காமல் இதற்குக் கேளுங்கள். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க 2014-இல் வந்த மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், பெயருக்காவது ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கும். எந்த ஐந்து என்று அலுவலகத்தில் விசாரியுங்கள், பல ஆசிரியர்களுக்கே தெரிந்திருக்காது. பணம் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு ரெக்கார்டர், பஸ் செலவு, டீ. ரெக்கார்டர் இல்லையென்றால் போன்.

மாணவர்கள் மூன்று வருஷத்தில் போய்விடுகிறார்களே?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி, எனக்கும் முழு விடை கிடைக்கவில்லை. முதல் பேட்ச் போனதும் எங்கள் குழு ஒரு வருஷம் படுத்தேவிட்டது. மறுபடி தெருவுக்குப் போனபோது ஒரு பாட்டி, “அந்தக் கண்ணாடிக்காரப் பாப்பா எங்கடா? மறுபடி வரேன்னு சொல்லிட்டுப் போச்சே” என்று கேட்டார். கண்ணாடிக்காரப் பாப்பா அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாள். எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு சில வழக்கங்கள் வந்தன. மூன்றாம் ஆண்டு மாணவர் தனியாகப் போகக்கூடாது, முதலாம் ஆண்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போய் வீடு வீடாக அறிமுகம் செய்ய வேண்டும். ‘வரேன்’ என்று யாரிடமாவது சொன்னால் அது நோட்டில் ஏற வேண்டும். நோட்டு என்றால் நிஜமாகவே நோட்டு, நீல அட்டை போட்ட லாங் சைஸ். யாரிடம் என்ன பேசினோம், எதை ஒத்துக்கொண்டோம், எதைச் செய்யவில்லை. கூகுள் டிரைவில் போட்டுப் பார்த்தோம். அந்த ஈமெயில் வைத்திருந்தவன் படிப்பை முடித்துப் போனதோடு அதுவும் போயிற்று.

இன்னொன்று, தெருவை மாற்றாதீர்கள். தலைப்பை மாற்றலாம்: கொசு, தண்ணீர், உதவித்தொகை, பிளஸ் டூ முடித்த பெண்கள். வருஷத்துக்கு ஒரு புது ஊரைத் ‘தத்தெடுத்தால்’ ஒவ்வொரு வருஷமும் அறிமுகத்திலேயே முடிந்துவிடும்.

மக்களின் கதையைப் பதிவு செய்யும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஓர் அக்கா தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, வீட்டுக்காரர் குடித்துவிட்டு ட்ரம்மைக் கவிழ்த்த கதைக்குப் போய்விட்டார். அழுதார். பதிவு செய்த மாணவனுக்குத் தலைகால் புரியவில்லை, ‘செம மெட்டீரியல் சார்’ என்றான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அக்கா கல்லூரி கேட்டில் நிற்கிறார். “கண்ணு, அதை மட்டும் எடுத்துடு. மாமியார் காதுல விழுந்தா என்னை வாழ விட மாட்டாங்க.” அவர் முன்னாலேயே அழித்தோம். மாணவனுக்கு முகம் தொங்கிவிட்டது.

அன்றிலிருந்து, பேசியவருக்குப் போட்டுக் காட்டாமல் எதுவும் வெளியே போவதில்லை. கையெழுத்து வாங்கும் படிவம் வைத்திருக்கிறோம், ஆனால் படிவத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. மைக்கோடு நாலு பேர் நின்றால் யாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மறுநாள் தனியாக, மைக் இல்லாமல் போய், “போடலாமாக்கா?” என்று கேட்டால்தான் நிஜப் பதில் வரும்.

வேலை பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எண்ணாதீர்கள், அது ரிப்போர்ட்டுக்கு. நாங்கள் ட்ரம்களை எண்ணினோம். லாரி நாளுக்கு மறுநாள் குடியிருப்பின் அதே இரண்டு வீட்டு வரிசைகளில் நடந்து, மூடியது எத்தனை, திறந்தது எத்தனை, டார்ச் அடித்துப் பார்த்தால் புழு நெளிவது எத்தனை. ஆரம்பிக்கும் முன்பே ஒரு முறை எண்ணிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

எண்ணில் வராத ஓர் அடையாளமும் உண்டு. நீங்கள் சொன்னதை அவர்கள் தங்கள் சொல்லில், உங்களிடமே அறிவுரையாகத் திருப்பிச் சொல்வார்கள். எங்கள் புதிய மாணவன் ஒருவனிடம் ஓர் அம்மா, “தம்பி, தண்ணிய மாத்துனா மட்டும் போதாது, செவுத்தத் தேய்க்கணும்” என்று வகுப்பெடுத்தார். அவன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டுக்கொண்டான். நல்ல பையன்.

இது அரசியல் ஆகிவிடாதா?

கட்சிக்காரர்கள் வருவார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள். தெருவுக்குள் போகும்போது எந்தக் கொடியோடும் போகாதீர்கள், அவ்வளவுதான். ஆனால் ட்ரம்மைத் தேய்க்கச் சொல்லிவிட்டு, லாரி ஏன் வாரம் இரண்டு முறைதான் வருகிறது என்று கேட்காமல் இருப்பது நேர்மையாகாது. குழாய்த் தண்ணீர் தினமும் வந்தால் ட்ரம்மே வேண்டாமே. எங்கள் மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதக் கற்றுக்கொண்டு, தெருக்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவைத் தெருக்காரர் தன் பெயரில் போட வேண்டும். நாம் போட்டால் அது கல்லூரியின் மனு ஆகிவிடும், கல்லூரிக்கும் போன் வரும். நிர்வாகம் பயப்படுவது இந்தப் போனுக்குத்தான்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

‘பொதுநலத் தொடர்பியலாளர் தேவை’ என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. சுகாதாரத் திட்டங்களில் ஐ.இ.சி. (தகவல், கல்வி, தொடர்பியல்) என்ற மூன்றெழுத்தில் வரும் பணியிடங்கள், தொண்டு நிறுவனங்களின் பிரசாரப் பிரிவு, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பிரிவு, மருத்துவமனைகள், சமுதாய வானொலிகள் என்று வேறு வேறு பெயரில் இருக்கிறது. சம்பளம் விளம்பரக் கம்பெனி அளவுக்கு இருக்காது. கண்ணாடிக்காரப் பாப்பா விளம்பரக் கம்பெனிக்குத்தான் போனாள், நன்றாகவே இருக்கிறாள்.

எப்போது தொடங்குவது நல்லது?

ஜூலையில், முதலாம் ஆண்டு மாணவர்கள் வந்த கையோடு. டெங்கு ஏறுவது வடகிழக்குப் பருவமழையில். அக்டோபரில் போய் நின்றால் அறிமுகம் செய்துகொள்ளவே நேரம் இருக்காது, நவம்பரில் செமஸ்டர் தேர்வு வந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் முழுக்க ஒன்றும் சொல்லாமல் லாரி வரிசையில் நின்று பழகுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு குடம் தூக்குங்கள், கனம் தெரியும்.